பெல்ட் உங்களுடையது, கூலி அவருடையது: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். என் டீசல் காருக்கு ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றுவேன். டைமிங் பெல்ட்டும் (இன்ஜினின் கிராங்க், கேம் தண்டுகளை ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பல் பெல்ட்) அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆன்லைனில் வாங்கி, இருபது வருடப் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் போடக் கொடுத்தேன். கூலி 3,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன், பில் இல்லை. மூன்றாம் வாரம் பள்ளிகொண்டா டோல்கேட் அருகே இன்ஜின் நின்றுவிட்டது. திறந்துகூடப் பார்க்காமல், "நீங்க வாங்கின பெல்ட், நீங்களே கை வெச்ச வண்டி" என்று நாலு பேர் முன்னால் பேசிவிட்டார். வால்வு வளைந்திருக்கும், 42,000 ஆகும் என்கிறார். பார்க்கிங் நாளுக்கு 200 கேட்டு வண்டியையும் தரவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: பழக்கமும் அவர் பேசிய பேச்சும் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது. பில் இல்லாதது பெரிய குறையில்லை, ஜிபே பதிவும் வாட்ஸ்அப்பும் போதும். கேள்வி ஒன்றுதான்: பெல்ட் ஏன் போனது? பெல்ட் முழுசாக இருந்து, பொருத்தும்போது நேராக நிற்க வேண்டிய கிராங்க், கேம் மார்க் தாண்டியிருந்தால், டென்ஷனர் போல்ட் தளர்ந்திருந்தால், வேலைக் குறை. பல் உதிர்ந்திருந்தால் சந்தேகம் முதலில் நீங்கள் வாங்கிய பொருள் மேல் விழும். தண்ணீர் பம்ப் இறுகினாலும் அப்படி ஆகும். ஆயிலில் ஊறியிருந்தால் இன்ஜின் ஆயில் சீல் கசிவு. அதைப் பெல்ட் போடும்போதே அவர் பார்த்திருக்க வேண்டும் என்பீர்கள், ஆயில் மாற்றியது நீங்கள்தானே என்பார் அவர்.

வழக்குப் போட என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். கோபத்தில் வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துப்போய், இன்ஜின் ஹெட்டை இறக்கி வேலையை முடித்துவிட்டு, அப்புறம் நோட்டீஸ் அனுப்ப வருவார்கள். பழைய பெல்ட் குப்பைக்குப் போயிருக்கும். இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு, தொழில் போட்டி என்ற ஒரே வாதத்தில் உடைந்துவிடும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அவரும் வரமாட்டார்.

அதனால் தேதி குறித்து ஸ்பீடு போஸ்டில் அவருக்கு எழுதுங்கள். வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயர் ஒருவரை வைத்து, நீங்கள், மெக்கானிக் இருவர் முன்னிலையிலும் டைமிங் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். கிராங்கைத் திருப்பவே கூடாது. கிராங்க் மார்க், கேம் மார்க் இரண்டையும் இருந்த இடத்திலேயே வீடியோ எடுங்கள். ஒரு சுற்று சுற்றினால் அந்தச் சாட்சியம் போச்சு. பெல்ட், டென்ஷனர், போல்ட்டைக் கவரில் போட்டு சீல் வைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். அசல் பதிவு அதில்தான் இருக்கும், வீடியோ எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். அவர் மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு, 2019 சட்டத்தின் 38-ஆம் பிரிவில் பரிசோதனை கேட்கலாம். கட்டணம் உங்கள் கையிலிருந்துதான். புகாருக்குக் கெடு 2 ஆண்டு.

ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவுப்படி, செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால்தான் வண்டியைப் பிடித்து வைக்கலாம். பேசாத பார்க்கிங் வாடகை அதில் சேராது. "சரி, தர்றேன்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதிவிடாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், பொருள் உங்களுடையது என்பதால் இது பாதி பலமுள்ள வழக்குதான். போல்ட் தளர்ந்திருந்தது என்று தெரிந்தாலும், பழுது பார்க்கும் கூலி முழுதும் அவர் பொறுப்பு, வால்வு, கேஸ்கெட், புது பெல்ட் செட் செலவு ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்து எழுதி வாங்குங்கள். இனி கோரிக்கை இல்லை என்ற வரியில், வண்டி 1,000 கிலோமீட்டர் ஓடி, எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.