சேர்வராயனை ‘அஞ்ஞான தெய்வம்’ என்று எழுதலாமா?

கேள்வி: சேலத்தில் எம்.ஏ. படிக்கிறேன். ஏற்காட்டைப் பற்றி வெள்ளைக்கார மதபோதகர் ஒருவர் எழுதிய பழைய ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கி வருகிறேன். சேர்வராயன் கோயிலை அவர் ஓரிடத்தில் ‘பேகன்’ கோயில் என்கிறார், இன்னோரிடத்தில் ‘ஹீதன்’ கோயில் என்கிறார்; இரண்டுமே (pagan, heathen) கிறிஸ்தவரல்லாதவர்களை இளக்காரமாகச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள். இரண்டுக்கும் ‘அஞ்ஞான’ என்று போடலாமா? எழுதவே கை கூசுகிறது.

பதில்: கை கூசினாலும் போடுங்கள். அங்கே பேசுபவர் மதபோதகர். பழைய தமிழ் பைபிளில் மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் புரட்டினால் ‘அஞ்ஞானிகள்’ வீண்வார்த்தைகளை அலப்புகிறவர்களாக வருவார்கள்; அவர் மனத்தில் இருந்த பொருள் அதுதான். ‘நாட்டார் வழிபாடு’ என்று நீங்கள் மாற்றினால், அவரிடம் இல்லாத மரியாதையை அவருக்குக் கடன் கொடுக்கிறீர்கள். அவர் நடையில் இரண்டும் ஒரே ஏளனம்தான் என்றால் ஒரு சொல்லே போதும்.

முன்னுரையும் அடிக்குறிப்பும் உங்கள் பேச்சு. அங்கே அந்தச் சொல் தலைகாட்டக் கூடாது. மலையுச்சியில், குறுகிய இருண்ட குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள்; மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடியினர் திரண்டு வருகிறார்கள். சாமிக்கே பெயர் இருக்கும்போது அடைமொழி எதற்கு?

‘பேகன்’ என்ற சொல் லத்தீன் ‘பாகானுஸ்’ என்பதிலிருந்து வந்தது; அதற்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். படையில் சேராதவன் என்றும் பொருள் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அதைப் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள்மேல் ஒட்டினார்கள். கும்பிட்டவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல.

இலக்கியத்தில் வந்தால் மறுபடி யோசியுங்கள். 1807இல் வெளியான, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் சானெட் (பதினான்கு வரிக் கவிதை) ஒன்றில், சம்பாதிப்பதிலும் செலவழிப்பதிலும் ஆற்றலையெல்லாம் தொலைக்கிறோமே என்று நொந்துபோகும் கவிஞர், இதற்குப் பேகனாகவே வளர்ந்திருக்கலாம், கடலிலிருந்து கிரேக்கக் கடல் தெய்வம் புரோட்டியஸ் எழுந்து வருவதையாவது கண்டிருப்பேன் என்று ஏங்குகிறார். அவரை ‘அஞ்ஞானி’ ஆக்கினால் கவிதை செத்துவிடும். ‘பழஞ்சமயத்தான்’ என்பேன் நான். அதில் இழப்பின் வலி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் 1590ஆம் ஆண்டுக் காவியமான ‘ஃபேரி குயீ’னில் வரும் ‘பெய்னிம்’ இதே லத்தீன் வேரில் பிறந்ததுதான், ஆனால் அங்கே அது எதிரணிச் சாரசேன் (இஸ்லாமிய) வீரனைக் குறிக்கிறது. ‘வேற்றுமத வீரன்’ என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

இன்று பிரிட்டனில் தங்களையே பேகன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத நேர்ந்தால் ‘பேகன்’ என்றே விடுங்கள்.