ஆந்தையைப் பாக்க ஆயிரத்தைந்நூறு ரூபாயா?

கேள்வி: வேளச்சேரியில அபார்ட்மெண்ட்ல குடியிருக்கோம். நாலாவது படிக்கிற பையனுக்கு ஸ்கூல்ல 'வசந்த காலத்தில் நம் தெரு உயிரினங்கள்'னு டைரி எழுதச் சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரமா காலைல எட்டரைக்கு அவனைக் கூட்டிட்டு தெருத்தெருவா சுத்தறேன். காக்கா, புறா, நாய், அதுக்கு மேல எதுவும் கண்ணுல படல. வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் 'சிட்டி சஃபாரி, ஆந்தை கேரண்டி'ன்னு தலைக்கு 1,500 ரூபா கேக்கறார், நூறு மடங்கு பெருசா காட்டற பைனாகுலரும் 2,000 ரூபாய்க்கு வெச்சிருக்காராம். போலாமா? அப்புறம் நேத்து எங்க வாட்ச்மேன் வேப்பமரத்தடியில கிடந்த ஒரு பறவைக் குஞ்சை எடுத்து அட்டைப்பெட்டியில வெச்சு பால் குடுத்துட்டிருக்கார். அதையும் டைரியில எழுதலாமா?

பதில்: போகாதீங்க மேடம். பைனாகுலரும் வேணாம், ஏன்னு கீழ சொல்றேன். முதல்ல உங்க பிரச்சனையே அந்த எட்டரை மணிதான். பங்குனியில நம்ம ஊர்ல ஆறு மணிக்கெல்லாம் விடிஞ்சுடுது, ஏழரைக்கு வெயில் சுள்ளுனு ஏறிடுது, எட்டரைக்கு நீங்க டிபன் முடிச்சு கிளம்பும்போது பறவைங்க சாப்ட்டு முடிச்சு நிழலுக்குள்ள போயிடுதுங்க. காக்காவும் புறாவும்தான் நம்மளை மாதிரியே நாள் பூரா ரோட்டுல இருக்கும், அதான் அதுங்க மட்டும் கண்ணுல படுது. காலைல ஆறுலேர்ந்து ஏழு, சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து ஆறரை, இந்த ரெண்டு மணி நேரத்தை விட்டுட்டு மத்த நேரத்துல அலைஞ்சா செருப்புதான் தேயும்.

ரெண்டாவது, நீங்க நடக்கறீங்க. நடந்தா எதுவும் தெரியாது, உங்களைப் பாத்துட்டு எல்லாம் அமைதியாயிடும். தெருவுல நல்லா வயசான மரம் ஒண்ணைப் பிடிச்சு அதுக்கு அடியில இருபது நிமிஷம் சும்மா நில்லுங்க. முதல் பத்து நிமிஷம் பையன் போலாம் போலாம்னு நச்சரிப்பான், அதைத் தாண்டிட்டா அவன்தான் முதல்ல பாப்பான்.

வசந்தம்னு ஸ்கூல் புக்குல வேற ஏதோ ஊர்ப் படம் போட்டிருப்பாங்க, பனி உருகி டூலிப் பூக்கற மாதிரி. நமக்கு இளவேனில்னா கணக்குப்படி சித்திரை, வைகாசி. ஆனா மரமெல்லாம் இப்பவே ஆரம்பிச்சாச்சு, அரசமரம் செம்பு கலர்ல துளிர் விடுது, புங்கமரம் பழைய எலையக் கொட்டிட்டு பளபளன்னு நிக்குது, வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூவும் வந்துட்டிருக்கு. பூ வந்தா பூச்சி வரும், பூச்சி வந்தா அதைத் தின்னு குஞ்சு வளக்க பறவை வரும், அவ்ளோதான் விஷயம். பையனுக்கும் இதையே சொல்லுங்க.

இப்ப முக்கியமான விஷயம், நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கற விஷயம். மேல பாக்கறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க. உங்க பார்க்கிங்ல நெட்டிலிங்க மரம் இருந்தா (எல்லா அபார்ட்மெண்ட் காம்பவுண்டு ஓரத்துலயும் ஈட்டி மாதிரி வரிசையா நிக்குமே அதுதான்) அதுக்குக் கீழ நிக்கிற காரைப் பாருங்க. காலைல மேல கொழகொழன்னு கறை, சப்பிப் போட்ட பழச் சக்கை, கொட்டை எல்லாம் கிடந்தா ராத்திரி பழந்தின்னி வௌவால் வந்து சாப்ட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். நம்ம ஊர்ல சின்ன சைஸ் வௌவால் ஒண்ணு உண்டு, குறுமூக்கு பழந்தின்னி, அது அந்த நெட்டிலிங்கத்தோட தொங்கற எலைக்குள்ளயே குடும்பமா தங்கும், அஞ்சாறு தலைகீழா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும். டார்ச் அடிக்காம அடியில நின்னு மேல பாத்தாலே தெரியும். அஸோஸியேஷன்ல யாராவது 'வௌவால் வந்தா வியாதி, மரத்தை வெட்டு'ன்னு ஆரம்பிப்பாங்க, கடிச்சுப் போட்ட பழத்தை எடுத்துத் திங்காம கையக் கழுவுங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

அடுத்து மரத்துல பொந்து இருக்கற இடத்துக்குக் கீழ சுண்ணாம்பு வழிஞ்ச மாதிரி வெள்ளைக் கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா உங்க ஆந்தை அநேகமா அங்கதான் இருக்கு. 1,500 ரூபா மிச்சம். நம்ம தெருவுல இருக்கறது புள்ளி ஆந்தை, மைனா சைஸ்தான் இருக்கும், சூரியன் மறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பொந்து வாசல்ல வந்து உக்காந்து உங்களையே உத்துப் பாக்கும், நீங்களும் பாத்தா தலையை மேல கீழ ஆட்டும். பையன் சிரிச்சுடுவான். பதினஞ்சு இருபது அடி தள்ளியே நில்லுங்க.

தரையில மரத்தூள் கொட்டியிருந்தா அண்ணாந்து பாருங்க, பட்டுப்போன கிளை ஒண்ணு இருக்கும், அதோட அடிப்பக்கம் அச்சு வார்த்த மாதிரி ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அது செம்மார்புக் குக்குறுவான் கொத்தினது. வெயில்ல தெருவே அடங்கிக் கிடக்கும்போது பித்தளைப் பாத்திரக் கடையில தட்டற மாதிரி 'டுக் டுக் டுக்'னு விடாம ஒரு சத்தம் கேக்குதே, அது இவர்தான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெருசு, பச்சை உடம்பு, நெத்தியில குங்குமம் வெச்ச மாதிரி சிவப்பு. இவர் பட்டுப்போன கட்டையைத்தான் குடைவார், பச்சைக் கிளையில முடியாது.

இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். வருஷா வருஷம் கோடை ஆரம்பிச்சா கரண்ட் கம்பி, புயல், மழைன்னு ஏதாவது காரணம் சொல்லி கிளை வெட்ட ஆள் அனுப்புவாங்க, அவங்க முதல்ல கை வெக்கறது அந்தப் பட்டுப்போன கிளையிலதான். குக்குறுவான், மைனா, பச்சைக்கிளி, ஆந்தை எல்லாம் பொந்துக்குள்ள குஞ்சு வெச்சிருக்கற அதே மாசம். எங்க தெருவுல ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்காக நான் ஒரு ஆபீஸ்ல லெட்டர் குடுத்தேன், அது எங்க செக்‌ஷன் இல்ல சார்னு இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பினாங்க, அங்க போனா ஆன்லைன்ல போடுங்கன்னாங்க, போட்டேன், பதினோரு நாள் கழிச்சு 'புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ் வந்தது, போய்ப் பாத்தா மரத்தையே மொட்டையடிச்சுத் தீர்த்திருந்தாங்க. ரோட்டு மேல விழற மாதிரி தொங்கற கிளைன்னா வெட்டத்தான் வேணும், நான் மாட்டேங்கல. காம்பவுண்டு உள்ள ஒரு ஓரமா யார் தலையிலயும் விழாம நிக்கற கட்டையை விட்டு வெச்சா என்ன குறைஞ்சுடும்? உங்க அஸோஸியேஷன் மீட்டிங்ல இதை மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்.

கார் சைடு மிரர்ல எச்சம் வழிஞ்சிருந்தா அதையும் டைரியில எழுதச் சொல்லுங்க. தேன்சிட்டு இந்த சீஸன்ல தன் ஏரியாவுக்குள்ள இன்னொரு ஆணை விடாது, கண்ணாடியில தெரியற தன்னையே எதிரின்னு நெனச்சு நாள் பூரா கொத்தும். பாவம், மூக்கு வலிக்கும், மிரருக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டி விடுங்க. கூடு பக்கத்துலயே இருக்கும், சிலந்தி வலையும் குப்பையும் சேத்துக் கட்டின சின்னப் பை மாதிரி துணி காயப்போடற கம்பியிலயோ பால்கனி செடியிலயோ தொங்கும், ஒட்டடைன்னு நெனச்சு விளக்குமாத்தால தட்டிடாதீங்க.

வீட்டை விட்டே நகர மாட்டேன்னா கறிவேப்பிலைச் செடி ஒண்ணு போதும். எலை மேல பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா எதாவது ஒட்டிட்டிருந்தா தொட்டுப் பாருங்க, நகரும், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட புழு அது. குயில் கூவறதை எழுதும்போது ஒண்ணு மட்டும் சரியா எழுதட்டும், கூவறது ஆண், கன்னங்கரேல்னு செக்கச்செவந்த கண்ணோட இருக்கும், பொண்ணு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. காம்பவுண்டுச் சுவர்ல தலையெல்லாம் சிவந்து போய் தண்டால் எடுக்கற ஓணான் இப்ப மாப்பிள்ளை முறுக்குல இருக்கு, ராமருக்கு மூத்திரம் குடுத்த கதையைச் சொல்லி கல்லெடுத்து அடிக்கிற பசங்க இருந்தா ரெண்டு திட்டு திட்டுங்க. பாம்பு வந்தா பாம்பு பிடிக்கறவங்களைக் கூப்பிடுங்க, கிட்ட போகாதீங்க, அவ்ளோதான்.

இப்ப சஃபாரிக்காரர் விஷயம். காட்டு உயிருக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது. குடுத்தா அதுல ஏதோ ஒரு தில்லுமுல்லு இருக்கு. ஒண்ணு, புளூடூத் ஸ்பீக்கர்ல ஆந்தைச் சத்தம் போடுவாங்க, அதுவும் எவனோ நம்ம இடத்துக்கு வந்துட்டான்னு குஞ்சை விட்டுட்டு பதறி வெளிய வரும், பத்து பேர் போட்டோ எடுப்பாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை அடுத்த பத்து பேர். ரெண்டாவது இன்னும் மோசம், தையல்சிட்டு எலையைத் தச்சு ஒளிச்சு வெச்ச கூட்டை கேமராவுக்கு மறைக்குதுன்னு சுத்தி இருக்கற எலையைக் கத்திரியால வெட்டுவாங்க. காக்காவுக்கு விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி. நல்லா நடத்தறவங்களும் இருக்காங்க, அவங்க போற போக்குல என்ன தெரியுதோ அதைக் காட்டுவாங்க, நிறைய பேர் காசே வாங்கறதில்ல.

அந்த நூறு மடங்கு பைனாகுலர் சுத்தப் பொய். கையில பிடிச்சுப் பாக்கறதுக்கு எட்டு, மிஞ்சினா பத்து மடங்குதான் சரி, அதுக்கு மேல போகப் போக கை நடுக்கமும் அதே அளவு பெருசாத் தெரியும். டப்பாவுல 8x40, 8x42ன்னு போட்டிருக்கும், முதல் நம்பர் எத்தனை மடங்குன்னு, ரெண்டாவது முன்கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. இந்த வருஷம் அதுவும் வேணாம், பையனுக்கு ஆர்வம் நிக்குதான்னு பாத்துட்டு அடுத்த வருஷம் வாங்குங்க. போன்ல மெர்லின்னு ஒரு ஆப் போட்டுக்கோங்க, கார்னெல் யுனிவர்சிட்டிக்காரங்களோடது, இலவசம், சத்தத்தைக் கேட்டே என்ன பறவைன்னு சொல்லும். அது சொல்றதெல்லாம் வேதவாக்கு இல்ல, கண்ணாலயும் பாத்துட்டு எழுதுங்க. அதுல இருக்கற சத்தத்தைத் திருப்பி வெளிய போட்டுக் காட்டாதீங்க.

கடைசியா அந்த அட்டைப்பெட்டி, எனக்கு இதுதான் அவசரமாத் தெரியுது. பாலை உடனே நிறுத்தச் சொல்லுங்க, பறவைக்குப் பால் செரிக்காது, வாயில சொட்டு சொட்டா ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போய் செத்தே போயிடும். இறகு முளைச்ச குஞ்சு கீழ தத்தித் தத்தித் திரிஞ்சா அது விழுந்தது இல்ல, பறக்கப் பழகுது, அம்மா அப்பா பக்கத்துலயே இருந்து ஊட்டுவாங்க. எடுத்த இடத்துலயே பூனைக்கு எட்டாத கிளையில வெச்சுட்டு தள்ளிப் போங்க. மனுஷக் கை பட்டா தாய் சேக்காதுங்கறது கட்டுக்கதை.

ஆனா ஒரு பறவைக்கு இது செல்லாது, உழவாரன். இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நல்ல மனசுக்காரங்க கையாலதான் இது அதிகமா சாகுது. சாயங்காலம் மேம்பாலத்துக்கு மேல அரிவாள் மாதிரி வளைஞ்ச இறக்கையோட கூட்டமா சுத்துமே, நிறைய பேர் தகைவிலான்னு நெனச்சுக்கறாங்க, தகைவிலான் கரண்ட் கம்பியில உக்காரும், உழவாரன் உக்காரவே உக்காராது. அதோட கால் அவ்ளோ குட்டி, சுவர்ல தொங்கத்தான் லாயக்கு, தரையில தத்த வராது. பனை உழவாரன் பனை ஓலைக்கு அடியில எச்சிலால கூட்டை ஒட்டி முட்டையையும் அதுலயே ஒட்டிடும். சின்ன உழவாரன் பாலத்துக்கு அடியிலயும் பழைய கட்டடத்துலயும் கட்டும். குஞ்சு கீழ விழுந்தா அதால எழும்ப முடியாது, தாயும் தரைக்கு இறங்கி வந்து ஊட்டாது, கிளையில வெச்சாலும் நிக்காம விழுந்துடும். நிறைய பேர் 'பறந்து போ'ன்னு மேல தூக்கிப் போடறாங்க, அது கல்லு மாதிரி விழுந்து அடிபட்டு முடிஞ்சுடும். அதனால பெட்டியில இருக்கறதோட இறக்கை வாலைத் தாண்டி நீளமா இருக்கா, வாய் அகலமா, கால் இருக்கறதே தெரியாம இருக்கான்னு பாருங்க. அப்படி இருந்தா காத்துப் போற மாதிரி ஓட்டை போட்ட பெட்டியில மெத்துனு துணி விரிச்சு, இருட்டா, சாப்பாடு தண்ணி எதுவும் குடுக்காம, பறவை பாக்கற டாக்டர்கிட்டயோ வனத்துறைகிட்டயோ அன்னிக்கே கொண்டு போங்க. போன் எடுக்கலைன்னா நேர்லயே போங்க, நான் போனை நம்பறதை விட்டு ரொம்ப வருஷமாச்சு.

அந்தக் குஞ்சு பச்சைக்கிளியா இருந்து வாட்ச்மேன் வளக்கலாம்னு நெனச்சா அதுவும் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டுல வெக்கறது குத்தம், பிடிச்சு விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் சேத்துத்தான். இந்த சீஸன்லதான் பொந்துலேர்ந்து குஞ்சைத் திருடிட்டு வந்து தெருவுல கூடையில விப்பாங்க, பாவம்னு காசு குடுத்து வாங்கிப் பறக்க விடாதீங்க, அந்தக் காசுக்கு அவன் நாளைக்கு இன்னும் நாலு பொந்துல கை விடுவான்.

மானைப் பாக்கணும்னா கிண்டி தேசியப் பூங்கா உங்களுக்குப் பக்கம்தான், மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ஒரு காலைல போனா கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் ரேடியல் ரோட்டு ஓரத்துலேர்ந்தே தெரியும். ஆனா டைரி தலைப்பு 'நம் தெரு'ன்னு இருக்கறதால மரத்தடியில ஆரம்பிங்க. தேதி, மணி, எந்த மரம், கீழ என்ன கிடந்தது, மேல என்ன இருந்தது, அஞ்சு கட்டம் போட்டுக் குடுங்க, மீதியை அவனே எழுதிப்பான். வாட்ச்மேன்கிட்ட மட்டும் இதைப் படிச்ச கையோட போய்ப் பேசிடுங்க.