வாசகர் கேள்வி பதில்: காலைப் பலகாரமும் வீட்டு இனிப்பும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலைப் பலகாரத்தையும் வீட்டில் கிண்டும் இனிப்பையும் பற்றியவை. பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: வெண்பொங்கல் அடுப்பில் இருக்கும்போது நன்றாக இருக்கிறது, தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடுகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வெந்த அரிசியிலிருந்து வெளிப்படும் மாவுச்சத்து சூடு தணியத் தணியக் கெட்டிப்படும் என்பதால், இறக்கும்போது கண்ணுக்குச் சற்றுத் தளர்வாகத் தெரியும் பொங்கல்தான் சாப்பிடும்போது சரியான பதத்தில் இருக்கும். ஒரு கிண்ணம் பச்சரிசிக்கு அரைக் கிண்ணம் பாசிப்பருப்பு, ஆறு கிண்ணம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அரிசியாக இருந்தால் தண்ணீரில் அரைக் கிண்ணம் குறைக்கலாம். பருப்பை வாசனை எழும் அளவுக்கு மட்டும் வறுத்தால் போதும், சிவந்துவிட்டால் குழையாது. இறுகிப்போன பொங்கலில் பச்சைத் தண்ணீரைத் தெளிக்காமல், கொதிக்கும் வெந்நீரையோ சூடான பாலையோ சிறிது சிறிதாக விட்டுக் கிளறிய பிறகு, மிளகும் சீரகமும் பொரித்த நெய்யை மேலே ஊற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. சோடா உப்புப் போடலாமா? (வாசகி, நீலகிரி)

பதில்: வேண்டாம். மாவைப் பொங்கவைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள்; அவை சுறுசுறுப்பாக வேலை செய்ய ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுகிறது. உங்கள் ஊர்க் குளிரில் அந்த வெதுவெதுப்பை நீங்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் ஊறவைத்து, உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்துபோல் எழும்பும் வரை அரைத்தெடுங்கள். அரைக்கும்போது வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்தி, முந்தைய மாவில் ஒரு கரண்டியை இதோடு சேர்த்துக் கையால் கரைத்து வையுங்கள். பிறகு பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, மூடிய அலமாரிக்குள் ஒரு சட்டி வெந்நீரின் பக்கத்தில் வைத்துவிடலாம். சமவெளியில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு உங்களுக்குப் பதினான்கு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும் என்பதால், முந்தைய நாள் மதியமே அரைத்துவிடுவது நல்லது.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழில் தேன் கலந்து கொடுக்கலாமா? (இளம் தாய், மதுரை)

பதில்: ஒரு வயது நிறையும் வரை தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் அவை அழிவதில்லை. கேழ்வரகை இரவில் ஊறவைத்து, காலையில் அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் பிழிந்தெடுத்த பாலைக் கைவிடாமல் கிளறிக் காய்ச்சினால், இனிப்புச் சேர்க்காமலேயே குழந்தை விரும்பிக் குடிக்கும்.

கேள்வி: மகள் பெரியவளாகியிருக்கிறாள். உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். நான் கிண்டினால் கட்டி கட்டியாக வருகிறது. பச்சை வாடையும் போகவில்லை. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதை மனதார வரவேற்கிறோம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் பூப்பெய்திய பெண்ணுக்கு இடுப்பு வலுப்பெற வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் இந்தக் களியில் உளுந்தின் புரதமும் நல்லெண்ணெயும் சேர்ந்திருப்பதால், ஓர் உருண்டை சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு மதியம் வரை பசி தெரியாது.

பச்சை வாடைக்குக் காரணம் வறுப்பில் இருக்கிறது. நான்கு பங்கு தோல் உளுந்துக்கு ஒரு பங்கு பச்சரிசி எடுத்து, இரண்டையும் தனித்தனியே, தீயைக் குறைத்து, அடுக்களை முழுவதும் மணக்கும் வரை பொறுமையாக வறுத்து, ஆறிய பிறகு நைசாக அரைத்துச் சலியுங்கள். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணம் தட்டிய கருப்பட்டியும் மூன்று கிண்ணம் தண்ணீரும் கணக்கு. கருப்பட்டியைக் கரைத்து அவசியம் வடிகட்டுங்கள், ஏனென்றால் பதநீர் இறக்கும் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் துகளும் மணலும் அதில் தங்கியிருக்கும். கட்டி விழாமலிருக்க, வடிகட்டிய கரைசலை நன்றாக ஆறவிட்டு, மாவை அதில் பச்சையாகவே கரைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் அடி கனமான பாத்திரத்தில் அடுப்பேற்ற வேண்டும். கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டினால் மேல்புறம் உடனே வெந்து உள்ளே மாவு சிறைப்பட்டுவிடும். கை ஓயாமல் கிளறி, இறுகத் தொடங்கும்போது கால் கிண்ணம் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வாருங்கள். களி பளபளவென்று திரண்டு, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வருவதுதான் பதம். சூட்டோடு உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அதில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுங்கள்.

கேள்வி: பாயசத்தில் வெல்லம் சேர்த்ததும் பால் திரிந்துவிடுகிறது. (வாசகர், சென்னை)

பதில்: வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மை உண்டு, அதோடு கொதிசூடும் சேர்ந்தால் பாலிலுள்ள புரதம் திரண்டுவிடும். வெல்லப்பாகையும் வெந்த அரிசி, பருப்பையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து இறக்கி, கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, காய்ச்சி ஆறவைத்த பாலைச் சேர்த்தால் திரியாது. அரிசி முழுவதுமாக வெந்த பிறகே வெல்லம் போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், இனிப்பு ஏறிய அரிசி அதற்குமேல் எளிதில் குழையாது.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ள என் தந்தைக்குச் சீனிக்குப் பதில் கருப்பட்டி கொடுக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கருப்பட்டியாக இருந்தாலும் நாட்டுச் சர்க்கரையாக இருந்தாலும் பெரும்பகுதி சர்க்கரைதான், சீனியைப் போலவே அவையும் இரத்தத்தில் சர்க்கரை அளவை ஏற்றும். கடைகளில் இதற்கு மாறாகச் சொல்லி விற்பதை நம்பி அளவு மீறிக் கொடுப்பது எங்களுக்கு மிகுந்த கவலையளிக்கிறது. மருத்துவர் அனுமதிக்கும் அளவை மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் இனிப்புச் சாப்பிடும் காலை நேரத்தில் அவருக்கென்று முருங்கைக்கீரை அடையோ பெசரட்டோ சுடச்சுட வார்த்துக் கொடுத்தால், அவரும் மனம் குறையாமல் கூட உட்கார்ந்து சாப்பிடுவார்.

கேள்வி: தீபாவளிக்கு அதிரசம் சுட்டால் எண்ணெயில் பிரிந்து போகிறது. கடையில் வாங்கிய அரிசி மாவுதான் பயன்படுத்துகிறேன். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மாவிலேயே பிரச்சினை தொடங்கிவிடுகிறது. அதிரசத்துக்கு ஈரமாவுதான் வேண்டும். காய்ந்த மாவு பாகை ஏற்றுக்கொண்டு இழைந்து நிற்காது. ஒரு கிலோ மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்புங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது; அந்த நிலையில் அரைத்துச் சலித்து, காயவிடாமல் மூடி வையுங்கள்.

இனி பாகு. முக்கால் கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சும்போது, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை வைத்துக்கொள்ளுங்கள். பாகில் ஒரு சொட்டை அதில் விட்டால், கரைந்து ஓடினால் இன்னும் பதம் வரவில்லை; விரலால் திரட்டும்போது மெத்தென்ற உருண்டையாகச் சேர்ந்து, அழுத்தினால் தட்டையாகும் கட்டத்தில் உடனே இறக்கிவிட வேண்டும். உருண்டையைக் கிண்ணத்தில் போட்டால் ‘டக்’கென்று சத்தம் கேட்டால் பதம் தாண்டிவிட்டது; அதிரசம் கல்லாகிவிடும். உங்களுக்கு எண்ணெயில் பிரிந்தது பாகு இளம்பதத்தில் இருந்ததாலும் இருக்கலாம்.

இறக்கிய பாகில் ஏலக்காய், சுக்குப் பொடியோடு மாவைத் தூவித் தூவிக் கிளறி, தளர்வாக இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்; ஆற ஆறத் தானே இறுகும். மேலே நெய் தடவி, துணியால் மூடி இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் முதலில் ஒன்றே ஒன்றைத் தட்டி மிதமான தீயில் சுட்டுப் பாருங்கள். அது பிரிந்தால் மீதி மாவில் இரண்டு பிடி ஈரமாவைச் சேர்த்துப் பிசையலாம். இறுகி வெடித்தால் வெதுவெதுப்பான பால் சிறிது தெளித்துப் பிசையலாம். சுட்டெடுத்ததும் இரண்டு தட்டையான கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தனித்தனியே ஆறவிடுங்கள்.