விழுந்தால்தான் விசிலா?

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கால்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் உங்களிடம் கேட்கிறேன். எங்கள் பையன்கள் கைப்பேசியில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, பந்தை ஒழுங்காகத் தடுக்கப் பழகுவதற்கு முன்பே விழப் பழகிவிட்டார்கள். மேலே கை பட்டால் போதும், படுகளத்துத் துரியோதனனைப் போல மல்லாந்துவிடுகிறார்கள். விசில் கேட்டதும் எழுந்து ஓடுகிறார்கள். குறுமையப் போட்டியில் எங்கள் பையன் ஒருவனைப் பெனால்டி பகுதிக்குள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் விழவில்லை. தடுமாறிக்கொண்டே ஓடி, பந்தை வெளியே அடித்தான். நடுவர் ஊதவில்லை. ஒரு கோலில் தோற்றோம். "விழுந்திருந்தால் சமனாவது செய்திருக்கலாம் சார்" என்கிறார்கள் மற்றவர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? (என் பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். படுகளத்துத் துரியோதனன் பாவம், அவன் மண்ணில் கிடந்தது கிடந்தபடி பீமனிடம் அடி வாங்குகிறவன். எழுந்து ஓடும் வசதி அவனுக்கு இல்லை.

பையன்கள் கணக்குச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 172. ஆட்டத்துக்கு மூன்றுகூடத் தேறவில்லை. பெனால்டியோ, 11 மீட்டர் தூரத்திலிருந்து அடிப்பது. ஏறத்தாழ நான்கில் மூன்று உள்ளே போய்விடும். நடித்து அகப்பட்டால் கிடைப்பது ஒரு மஞ்சள் அட்டை. இந்த வியாபாரத்தில் நஷ்டம் எங்கே இருக்கிறது?

2002 உலகக் கோப்பையில், தென்கொரியாவின் உல்சான் நகரில் பிரேசிலும் துருக்கியும் ஆடிய ஆட்டம் நினைவிருக்கலாம். கார்னர் அடிக்க நின்ற பிரேசிலின் ரிவால்டோவை நோக்கித் துருக்கியின் ஹக்கான் உன்சால் பந்தை உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உன்சால் வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்குப் பிறகு அபராதம் விதித்தார்கள், தடை விதிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார்.

கடுமையாகத் தண்டிக்கத் தெரியாதவர்கள் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவைச் சொல்லிவிடவும் முடியாது. 1989 செப்டம்பரில், மரக்கானா மைதானத்தில், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் பின்தங்கியிருந்தது சிலி. கூட்டத்திலிருந்து எரியும் தீப்பந்தம் ஒன்று வந்து விழுந்தது. சிலியின் கோல்கீப்பர் ரோபர்ட்டோ ரோஹாஸ் ரத்தம் வழியக் கிடந்தார். அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. புகைப்படங்களைப் பார்த்தபோது தீ அவர்மேல் படவே இல்லை என்று தெரிந்தது. கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடால் தன்னைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை (2001இல்தான் நீக்கினார்கள்). சிலி 1994 உலகக் கோப்பையிலும் பங்கெடுக்க முடியவில்லை. ரத்தம் வந்தால் இவ்வளவு, வராவிட்டால் அபராதம். இடையில் இருக்கும் ஆயிரம் சின்னப் புரட்டுகளுக்கு ஒரு மஞ்சள் அட்டை, அதுவும் நடுவர் கண்ணில் பட்டால்.

ஆனாலும் வீரர்களை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கால்பந்து விதிப் புத்தகத்தில் விதி 12ஐ எடுத்துப் படியுங்கள். இடறிவிடுவது மட்டுமல்லாமல் இடறிவிட முயல்வதும் குற்றம், உதைக்க முயல்வதும் குற்றம், பிடித்து இழுப்பதும் குற்றம். எதிராளி கீழே விழுந்திருக்க வேண்டும் என்று எங்குமே சொல்லப்படவில்லை. காலை நோக்கி வரும் உதையிலிருந்து தப்பத் துள்ளி விழுகிறவனையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவன் நடிகன் இல்லை. உங்கள் பையனுக்கு நடந்தது பெனால்டிதான். சாதகம் பார்த்து, அதாவது ஆட்டம் தொடர்ந்தால் இழுபட்டவன் அணிக்கு நன்மையா என்று பார்த்து, நடுவர் ஓரிரு நொடி காத்திருந்திருக்கலாம், அதில் தவறில்லை. சாதகம் கைகூடவில்லை என்றால் உடனே ஊதியிருக்க வேண்டும். நின்றுகொண்டிருப்பவனுக்கு ஊதாமல் ஊதாமல்தான் நடுவர்கள் இந்த நடிப்பை வளர்த்தார்கள். 2018 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் முறை வந்தது; கோஸ்டாரிகாவுக்கு எதிராக பிரேசிலின் நெய்மார் சாய்ந்து வாங்கிய பெனால்டியைப் படம் பார்த்து ரத்து செய்தார்கள். பாலக்கோட்டில் அதற்கெல்லாம் எங்கே போவது?

ஆகவே பயிற்சி ஆட்டத்தில் விசில் உங்கள் கையில் இருக்கும்போது, நின்றபடி இழுபடும் பையனுக்கு ஓங்கி ஊதுங்கள். கிடப்பவன் ஒவ்வொருவனுக்கும் முதலுதவிப் பெட்டியை வரவழைத்துக் கோட்டுக்கு வெளியே உட்கார வையுங்கள். மைதானத்தில் சிகிச்சை பெற்றவன் வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும் என்பது பொதுவான விதியே. நடிப்பவனுக்கு அது சலித்துவிடும், அடிபட்டவனுக்கு நல்லது. தலையில் அடி என்றால் மட்டும் எந்தச் சந்தேகமும் வேண்டாம், ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

குறுமையத்தில் ஊதுகிறவர்களும் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தானே. அடுத்த போட்டிக்கு முன் அவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: விழாத பையனுக்கு ஊதுவீர்களா என்று. என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.