ஏலத்தில் எடுத்த கேமரா: “உள்ளது உள்ளபடி” என்று போட்டுவிட்டால் விற்றவர் தப்பிக்க முடியுமா?

கேள்வி: இணைய ஏலத் தளம் ஒன்றில் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். தலைப்பில் “முழுமையாக வேலை செய்கிறது, ஷட்டர் கவுண்ட் 12,000-க்குள், சூப்பர் கண்டிஷன்” என்று இருந்தது. படத்தில் லென்ஸும் சேர்ந்தே இருந்தது. வந்த பெட்டியில் பாடி மட்டும்தான். சர்வீஸ் சென்டரில் பார்த்தால் ஷட்டர் 1,40,000 தடவைக்கு மேல் ஓடியிருக்கிறது, வியூஃபைண்டருக்குள் பூஞ்சை. விற்றவரோ, “விவரத்தின் கடைசியில் ‘உள்ளது உள்ளபடி, திரும்பப் பெற இயலாது’ என்று போட்டிருக்கிறேன். படிக்காமல் ஏலம் கேட்டது உங்கள் தவறு” என்கிறார். தளத்தினர் “நாங்கள் இடைநிலையாளர் மட்டுமே” என்கிறார்கள். கடைசி நிமிடங்களில் என்னோடு போட்டி போட்ட ஐடி, இவர் விற்கும் பொருட்களுக்கு மட்டுமே ஏலம் கேட்டு வந்திருக்கிறது. நான் சிறிய அளவில் புகைப்படத் தொழில் செய்பவன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் நான்கு குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: ஷட்டர் கவுண்ட் (கேமரா இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை), லென்ஸ், பூஞ்சை, சந்தேகத்துக்குரிய போட்டி ஏலம். நான்குக்கும் ஒரே பலம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே புகாரில் சம எடையோடு கொட்டினால், எதிர்த்தரப்பு பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பலமானதையும் சேர்த்து அடித்துவிடும்.

பலமானது ஷட்டர் கவுண்ட். “சூப்பர் கண்டிஷன்” என்பது விற்பவர் பேச்சு. அதை வைத்து வழக்கு நிற்காது. “12,000-க்குள்” என்பது அப்படியல்ல. சரிபார்க்கக்கூடிய, எண்ணால் சொல்லப்பட்ட விவரம் அது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ன் 15-வது பிரிவு, விவரித்து விற்கும் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளடங்கிய நிபந்தனையாக வைத்திருக்கிறது. கண்ணால் பார்க்காமல் திரையில் படித்து வாங்கும் பொருளுக்கு இந்தப் பிரிவுதான் அச்சாணி.

“உள்ளது உள்ளபடி” என்ற வரி இதை அழிக்குமா? அதே சட்டத்தின் 62-வது பிரிவு, உள்ளடங்கிய நிபந்தனைகளை இரு தரப்பும் ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்கிறது. அதனால் அந்த வரி வெறும் அலங்காரம் என்று சொல்லமாட்டேன். கீறல், தேய்மானம், பேட்டரி பலவீனம் போன்ற தரக்குறைகளுக்கு அது விற்றவருக்குக் கேடயம். ஆனால் மேலே ஒரு எண்ணை உறுதியாகச் சொல்லிவிட்டு, கீழே பொதுவான ஒரு வரியால் அதை அழிக்க முடியாது என்பதே நம் வாதம். பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால், எந்த விலக்கு வரியும் மோசடிக்குத் துணை நிற்காது.

அடுத்து, “படிக்காதது உங்கள் தவறு” என்ற வாதம். இதற்கான பதில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 19-வது பிரிவில் இருக்கிறது. பொய்க் கூற்றால் சம்மதம் பெறப்பட்டிருந்தால் ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால் ரத்து செய்ய முடியாது. பலர் கவனிக்காத நுணுக்கம், இந்த விதிவிலக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதுதான். தெரியாமல் சொன்ன தவறான கூற்றுக்கும், மோசடியான மௌனத்துக்கும் மட்டுமே அது பொருந்தும். தெரிந்தே சொன்ன பொய்க்குப் பொருந்தாது. பொய் சொன்னவர், “என்னை நம்பியது உன் அசட்டை” என்று சொல்லித் தப்ப முடியாது.

விற்றவர் அடுத்து, “நானே இரண்டாம் கையாக வாங்கினேன், எண்ணிக்கை எனக்குத் தெரியாது” என்பார். சொல்லட்டும். உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதிபோலச் சொல்வதும் ஒப்பந்தச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி தவறான கூற்றே. அப்போது மேலே சொன்ன விதிவிலக்கு உள்ளே வரும். உங்களுக்குச் சரிபார்க்க வழி இருந்ததா என்று கேட்பார்கள். சில கேமராக்களில் எடுத்த படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே (படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் விவரங்கள்) ஷட்டர் எண்ணிக்கை பதிவாகும். அந்தக் கேமராவால் எடுத்த மாதிரிப் படத்தை விற்றவர் முழு அளவில் பதிவேற்றியிருந்தால், “திறந்து பார்த்திருக்கலாமே” என்ற வாதத்துக்கு எடை உண்டு. கேமராவின் தோற்றத்தைக் காட்டும் படங்கள் மட்டும் இருந்திருந்தால், உங்களிடம் வேறு வழியே இல்லை.

லென்ஸ் விஷயம் இப்படியல்ல. பட்டியலை மறுபடி திறந்து, “பெட்டியில் உள்ளவை” என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே “பாடி, பேட்டரி, சார்ஜர்” என்று எழுதியிருந்தால், இந்தக் குறையை விட்டுவிடுங்கள். படம் ஒன்று காட்டி, எழுத்து தெளிவாக வேறொன்று சொன்னால், எழுத்தைப் படிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. ஏலம் முடியும் முன் “லென்ஸ் உண்டா?” என்று ஒரு செய்தி அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. எதுவும் எழுதாமல் படத்தை மட்டும் போட்டிருந்தால் நிலைமை தலைகீழ்; படமும் விவரிப்பின் பகுதிதான். அப்போது கூரியர் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் அச்சான எடை, பெட்டியில் லென்ஸ் இருந்ததா என்பதற்குச் சாட்சி.

பூஞ்சை நடுத்தரம். விற்றவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. வேண்டுமென்றே மறைத்தால்தான் ஆகும். வியூஃபைண்டர் படத்தை மட்டும் மங்கலாகவோ, வெட்டியோ போட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். இதைத் தனிக் குறையாக எழுதாமல், “முழுமையாக வேலை செய்கிறது” என்ற கூற்று பொய் என்பதற்குத் துணைச் சான்றாக வையுங்கள்.

போட்டி ஐடி பற்றிய சந்தேகம் நிரூபணமானால் அதுவே பெரிய ஆயுதம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு ஏல விற்பனைக்கென்றே எழுதப்பட்டது. ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவிக்காமல், விற்பவர் தானே கேட்பதோ ஆள் வைத்துக் கேட்பதோ சட்டவிரோதம். வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம். போலி ஏலத்தால் விலையை ஏற்றினால், விற்பனையை ரத்து செய்வது வாங்கியவர் விருப்பம். சிக்கல் நிரூபணத்தில்தான். ஒரே விற்பனையாளரின் பொருட்களுக்கு மட்டும் கேட்கிறது, ஒருபோதும் வெல்வதில்லை, ஏலம் முடியும் தறுவாயில் மட்டும் தலைகாட்டுகிறது என்பவை சந்தேகத்துக்கான அடையாளங்கள், அவ்வளவே. ஐடிக்குப் பின்னால் இருப்பவரின் விவரம் தளத்திடம் இருக்கிறது. ஏல வரலாற்றுப் பக்கத்தை இப்போதே சேமியுங்கள். புகாரில், அந்த விவரத்தைத் தாக்கல் செய்யத் தளத்துக்கு உத்தரவிடுமாறு தனி மனு போடுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியவை. முதலில், கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். பொருளை நியாயமான காலத்துக்கு மேல் எதுவும் சொல்லாமல் வைத்திருந்தாலோ, சொந்தப் பொருள்போல மாற்றங்கள் செய்தாலோ, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஏற்றுக்கொண்டபின் பொதுவாக நஷ்டஈடு மட்டுமே கேட்க முடியும், முழுப் பணத்தைக் கேட்கும் உரிமை நழுவும். பூஞ்சையைத் துடைத்துவிட்டால் சான்றும் போய்விடும். அதனால் சர்வீஸ் சென்டரில் எழுத்துமூல ஆய்வறிக்கை மட்டும் வாங்குங்கள்: கேமராவின் வரிசை எண், ஷட்டர் எண்ணிக்கை, எந்த முறையில் பார்த்தார்கள், தேதி, முத்திரை. வரிசை எண் இல்லாத அறிக்கை, வேறு கேமராவுடையது என்று தள்ளப்படும்.

இன்றைக்கே விற்றவருக்குத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவும் மின்னஞ்சலிலும் இப்படி எழுதுங்கள்: “பட்டியலில் ஷட்டர் கவுண்ட் 12,000-க்குள் என்று கூறப்பட்டது. ஆய்வறிக்கையின்படி 1,40,000-க்கு மேல். விவரிப்புக்கு ஒத்துவராததால் இப்பொருளை நிராகரிக்கிறேன். 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தந்து, பொருளை உங்கள் செலவில் எடுத்துச் செல்லவும்.” வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதை இத்தோடு நிறுத்துங்கள். அதே சட்டத்தின் 43-வது பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், நிராகரித்த பொருளை நீங்களே அனுப்பிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மறுப்பைத் தெரிவித்தால் போதும். பணம் வரும் முன் கேமராவை அனுப்பிவிட்டால், சான்றும் போகும், பணமும் தொங்கும்.

பட்டியல் பக்கத்தைப் பொருள் எண், முகவரி, தேதி, நேரம் தெரிய முழுப் பக்கமாகப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தால், “பாதகமான வரியை மறைக்கிறார்” என்பார்கள். உங்களுக்கு எதிரான வரியும் தெரியட்டும். மின்னணு ஆவணங்களோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-ன் 63-வது பிரிவுச் சான்றிதழை இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை நீதிமன்றம் அளவுக்குக் கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், ஆட்சேபனைக்கு ஏன் இடம் தர வேண்டும்?

தளத்தின் “இடைநிலையாளர்” பதிலுக்கு வருவோம். பொருளின் குறைக்குத் தளம் நேரடிப் பொறுப்பு என்று எழுத அவசரப்படாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020 அவர்களுக்குச் சில கடமைகளையும் வைத்திருக்கிறது. குறைதீர் அதிகாரி உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கியபின் எழுத்தில் கேட்டால், விற்றவரின் முகவரி, தொடர்பு விவரங்களைத் தர வேண்டும். படமும் விவரமும் உண்மைக்கு ஒத்திருக்கும் என்ற உறுதிமொழியை விற்பவர்களிடம் பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அதுவே தளத்தின் சேவைக் குறைபாடு என்று தனியாகப் பிடிக்கலாம்.

அதே விதிகளின் 6-வது விதி, விளம்பரம் செய்த தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கிறது. “திரும்பப் பெற இயலாது” என்ற வரிக்கு இதுதான் நேரடிப் பதில். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வியாபாரமாக, தொடர்ச்சியாக இல்லாமல் சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. எனவே விற்றவரின் பக்கத்தைப் பாருங்கள்: எத்தனை விற்பனை, எத்தனை மதிப்புரை, ஜிஎஸ்டி எண் உண்டா? இருபது கேமரா விற்றவர் “வீட்டுச் சாமானை விற்றேன்” என்றால் யாரும் நம்பப்போவதில்லை. உண்மையிலேயே ஒரே ஒரு பொருளை விற்ற தனிநபர் என்றால், சிவில் நீதிமன்றம்தான் வழி. கால வரம்பு மூன்று ஆண்டுகள். அதற்கு முன், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுத்துப் பாருங்கள். செலவில்லாத வழி.

வியாபாரி என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும் நிறுவனங்களும் உண்டு.

ஆணையத்தில் உங்கள்மீது இரண்டு ஆட்சேபனைகள் வரும். நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், எனவே நுகர்வோர் அல்ல என்பது ஒன்று. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்குவது வணிக நோக்கமாகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. அந்த வாக்கியத்தைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ஆள் வைத்து ஸ்டூடியோ நடத்துபவர் என்றால் இது சிக்கலாகும். இரண்டாவது, ஏலத்தில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2009-ல் சண்டிகர் நிர்வாகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுவார்கள். அது பொது ஏலத்தில் விற்ற மனைகள் பற்றியது. ஏலம் கேட்கும் முன் இடத்தை நேரில் போய்ப் பார்க்க வாய்ப்பு இருந்தது. உங்களுக்கு இருந்தது விற்றவர் எழுதிய வாசகமும் அவர் போட்ட படமும் மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பதிலுரையில் அழுத்தமாக எழுதுங்கள்.

காவல் நிலையத்துக்கு இப்போது போக வேண்டாம். பொருளே அனுப்பாமல் ஏமாற்றியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லியிருப்பேன். பொருள் வந்து விவரம் பொய்த்த விஷயத்தில், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு (ஏமாற்றுதல்) நிற்கும். இதே கேமராவை முன்பு வேறொருவர் திருப்பி அனுப்பியபின் அதே எண்ணோடு மறுபடி ஏலத்துக்கு விட்டார் என்பது போன்ற தடயம் கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். விற்றவரின் பழைய பட்டியல்களில் உங்கள் கேமராவின் வரிசை எண் எங்காவது தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் செலவழித்துத் தேடிப் பாருங்கள்.