பத்தாம் நாளுக்கு அப்புறம்

அன்புள்ள அக்கா,

என் தமிழ் வெள்ளிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் பதினைந்து வருடமாகக் குடிக்கிறான். இப்போது தினமும் அரை பாட்டில் கேன், அதாவது கரும்புச் சாராயம், போகிறது. என் கணவரும் அதே வயதில், அதே கூட்டாளிகளோடுதான் தொடங்கினார். அவர் சனிக்கிழமை இரண்டு கிளாஸோடு எழுந்துவிடுகிறார். மூளையில் இருக்கும் ரிசெப்டர்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று படித்தேன். அதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா? தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டினால் பத்து நாள் தொடமாட்டான், காவடி இறக்கியதும் மறுபடி ஆரம்பம். முருகனுக்காக நிறுத்தத் தெரிந்தவனுக்கு அம்மாவுக்காக நிறுத்தத் தெரியாதா? பாட்டில்களைக் கொட்டிவிட்டு ஒரு வாரம் அறையில் பூட்டி வைக்கலாம் என்கிறார் மாமா.

தென்னாப்பிரிக்கா, டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பூட்டு. வேண்டவே வேண்டாம். தினமும் அரை பாட்டில் குடிக்கிறவனை ஒரே நாளில் நிறுத்தி அறையில் அடைத்தால் அது அவன் உயிருக்கே உலை வைக்கும். இந்த வரியை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டு.

ரிசெப்டரைத் தமிழில் ஏற்பி என்கிறோம். மூளையில் காபா ஏற்பிகள் நரம்பு செல்களை அடக்கி வைக்கின்றன, குளூட்டமேட் ஏற்பிகள் தூண்டிவிடுகின்றன. மது முன்னதற்குத் துணைபோகிறது, பின்னதை அமுக்குகிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் மூளை ஈடுகட்டத் தன் குரலை உயர்த்திக்கொள்கிறது. காது கேட்காத தாத்தா இருக்கிற வீட்டில் எல்லோரும் கத்தியே பேசிப் பழகிவிடுவார்களே, அதுபோல. தாத்தா ஊருக்குப் போன பிறகும் அந்த வீட்டில் சத்தம் குறையாது. குடி நின்ற சில மணி நேரத்தில் கை நடுங்குவதும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வருவதும், அப்புறம் சிலருக்குச் சுவரில் இல்லாத பூச்சி ஊர்வதும் இதனால்தான். 2020 மார்ச் 27 அன்று நம் நாட்டில் கொரோனா லாக்டவுனோடு மது விற்பனையும் நின்றதே, அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் வீட்டிலேயே மது தயாரிக்க அன்னாசிப் பழம் ஊறப்போட்ட கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது எங்கள் தெருக்கோடிப் பெரியவர். மூன்றாம் நாள் காலை தன் வீட்டு வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தார். நல்லவேளை, பிழைத்தார்.

போன தைப்பூசத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லாதே. இப்படி நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட மோசமாகலாம். டாக்டர் பக்கத்திலிருந்து, நரம்பை அமைதிப்படுத்தும் டயாசெபாமும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து, படிப்படியாக இறக்க வேண்டிய விஷயம் இது.

பரிசோதனை கேட்டிருந்தாய். கிடையாது. குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது, ஆனால் அது பல மரபணுக்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. அந்தப் பேச்சை விடு. ஒன்றை மட்டும் தெரிந்துகொள். அமெரிக்காவில் மார்க் ஷுக்கிட் என்ற மருத்துவர் இருபது வயதை ஒட்டிய ஆண்களுக்கு மதுவை அளந்து கொடுத்துப் பார்த்தார். குறைவாகத் தள்ளாடியவர்கள்தான் பின்னாளில் அதிகமாகக் குடிநோயில் விழுந்தார்கள். நம் கல்யாண வீடுகளில் 'எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா நிப்பான்' என்று முதுகில் தட்டுவார்களே, கவலைப்பட வேண்டியது அந்தப் பையனைப் பற்றித்தான். உன் அண்ணன் முதுகில் எத்தனை கைகள் தட்டியிருக்கும்!

உன் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தது வேறொரு வரிக்காக. 'முருகனுக்காக நிறுத்தத் தெரிந்தவனுக்கு' என்கிறாயே, கிட்டத்தட்ட அதையே நானும் ஒருவனிடம் சொல்லியிருக்கிறேன்.

என் அக்கா மகன். 23 வயது. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பரவிய காலம். பெயர்தான் இனிப்பு, உள்ளே இருப்பது மட்டமான ஹெராயினும் கண்ட கலப்படமும். ஒரு தை மாதம் அவனாகவே வந்து, 'காவடி எடுக்கிறேன் சித்தி' என்றான். காப்புக் கட்டின மறுநாள், டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டான். மூக்கு ஒழுகியது. கையில் மயிரெல்லாம் குத்திட்டு, தோல் உரித்த கோழி மாதிரி இருந்தது. முருகன் சோதிக்கிறான் என்றாள் அக்கா. ஆறாம் நாள் பருப்பும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பத்தாம் நாள் மயிலிறகுக் காவடியோடு அவன் கோயிலுக்குள் வந்தபோது நாங்கள் எல்லோரும் அழுதோம். அன்று இரவு நான்தான் சொன்னேன்: 'பத்து நாள் இருக்க முடிஞ்சதுல்ல? இனிமே எல்லாம் உன் மனசுலதான் இருக்கு.'

காப்பு அவிழ்த்த மூன்றாம் நாள் குளியலறையில் கிடந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. முன்பு தினமும் எடுத்த அதே அளவைத்தான் எடுத்தான் என்று அவன் கூட்டாளி பிறகு சொன்னான்.

அதே அளவு எப்படிக் கொல்லும் என்று புரிந்துகொள்ள எனக்கு வருடங்கள் ஆயின. அபினி வகைகளுக்கான ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973-இல் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் உடம்பே சுரக்கிற வலிநிவாரணிகளுக்காக இருக்கும் ஏற்பிகள் அவை. ஹெராயின் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவற்றில் மியூ என்ற வகை, மூளைத்தண்டில் மூச்சை ஓட்டுகிற செல்களிலும் இருக்கிறது. தினமும் எடுக்கிறவனுக்கு அது மரத்துப்போகும். அதனால்தான் அந்த அளவிலும் அவனுக்கு மூச்சு ஓடுகிறது. விட்டிருக்கும் நாட்களில் அந்த மரப்பு கரைந்துவிடும். ஆசை கரையாது. பழைய தெருமுனையோ பழைய கூட்டாளியோ கண்ணில் பட்டால் போதும். விரதத்தால் எங்கள் பிள்ளையின் உடம்பு தேறியது. தேறிய உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை. சிறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் முதல் இரண்டு வாரத்தில் அதிகமாகச் சாவதும் இப்படித்தான்.

நாலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதே ஏற்பிகளிலிருந்து ஹெராயினைத் தள்ளிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா அவன் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டே இருந்தாள்.

மனசு, மனசு என்கிறோம். அவனிடம் மனசு இருந்தது. கம்பளிக்குள் நடுங்கிய அந்த ஐந்து நாளை நீயோ நானோ தாண்டியிருப்போமா? பத்து நாளும் வீடே அவனோடு விரதம் இருந்தது. பதினோராம் நாள் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டோம். உன் வீட்டிலும் அந்தப் பத்து நாள் கறி இல்லை, பாட்டில் இல்லை, கூட்டாளி இல்லை. காவடி இறக்கிய பிறகு கோழிக் கறியோடு முதல் கிளாஸை உன் அண்ணனிடம் நீட்டியது யார்? உன் கணவராகவும் இருக்கலாம். கோபப்படாதே, யோசித்துப் பார். அம்மா மேல் பாசம் இருக்கிறதா என்ற கேள்வியை அவனிடம் இனி ஒருதரம்கூடக் கேட்காதே.

நாளைக் காலை அவன் எழுந்ததும், முதல் மடக்குக்கு முன்னால், இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார். நடுங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. அதுவரை எதையும் கொட்டாதே. மது தரும் கிறக்கத்தில் ஒரு பங்கு அதே மியூ ஏற்பிகள் வழியாகத்தான் வருகிறது. அதை அடைக்கிற நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை அமெரிக்காவில் 1994-இல் குடிநோய்க்கு அனுமதித்தார்கள். அது அவனுக்கு ஒத்துவருமா என்றும் கேள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுது, நான் சாட்ஸ்வொர்த்திலிருந்து வருகிறேன். அறைச் சாவியை இன்று இரவே மாமாவிடம் வாங்கி உன் கைப்பையில் போட்டுக்கொள்.