பாரிஸா, சின்ன ஊரா?

பி1 அளவு, அதாவது இடைநிலை பிரெஞ்சு இருக்கிறது, ஆங்கிலம் கற்பித்தபடியே அதை வளர்க்கப் பாரிஸ் தனியார் மொழிப் பள்ளிக்குப் போவதா, பிரான்ஸ் அரசுப் பள்ளியில் மொழி உதவியாளராகச் சேர்வதா என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் இரண்டாவதைப் பிடியுங்கள். வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வகுப்பு, ஒப்பந்தம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. சம்பளம் சொற்பம்தான், பாரிஸ் வாடகைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் விண்ணப்பத்தில் சின்ன ஊர்கள் உள்ள பகுதிகளையே கேளுங்கள்.

ஆனால் ஒன்று. உங்களை எடுப்பதே ஆங்கிலம் பேசத்தான். வகுப்பில் பிரெஞ்சே தெரியாதவர் போல நடிக்கச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. ஓய்வறையிலும் ஆங்கில ஆசிரியர்கள் தங்கள் ஆங்கிலத்தைத் தீட்டிக்கொள்ள உங்களைத்தான் தேடி வருவார்கள்! நீங்கள் காபியை எடுத்துக்கொண்டு வரலாறு, விளையாட்டு ஆசிரியர்கள் பக்கம் நகர்ந்து விடுங்கள். ஆரம்பத்தில் பாதி புரியாது. பாடப்புத்தகத்தில் வரும் 'ழ ந சே பா' (எனக்குத் தெரியாது) அவர்கள் வாயில் வெறும் 'ஷே பா' ஆகிவிடும். காது பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

வீடு விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மற்ற உதவியாளர்களோடு தங்குவது சுலபம், ஜாலியும்கூட, ஆனால் வீடு முழுக்க ஆங்கிலம். பிரெஞ்சுக்காரர்களுடன் 'கொலொகாசியோன்', அதாவது பகிர்ந்து தங்கும் வீடு தேடுங்கள். அப்புறம் ஊர்ச் சங்கம் ஒன்றில் சேருங்கள். பாடகர் குழு என்றால் ரொம்ப நல்லது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதில் உச்சரிப்பு தானாகத் திருந்தும்.

விசா நீண்டகால வகை என்றால், போய் இறங்கிய 3 மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய மறக்காதீர்கள்.